மறுகா ஏறினோம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஆரையம்பதியைச் சேர்ந்த பழைய மாணவியர் நால்வர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பெண்களின் ஆரோக்கியம் பற்றி இருபது நிமிடம் பேசித் தாருங்கள் என்று செயற்குழு கேட்டது. சீனி வருத்தம், பிரஷர், கீரை, நடைப்பயிற்சி என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நாங்கள் மரம் ஏறுவது பற்றிப் பேசுகிறோம் என்றோம். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சத்திரசிகிச்சைக்குப் பிறகு மரம் ஏறுவது பற்றி" என்று விளக்கினோம். இன்னும் கூடுதலான நேரம் சத்தம் இல்லை. ஆனாலும் நேரம் தந்தார்கள். அதற்கு நன்றி.

நாங்கள் நாலு பேர். ஒரே வகுப்பு. எல்லோரும் அறுபதைத் தொட்டவர்கள். ஒருத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒருத்தி வங்கியில் இருந்தவள், ஒருத்தி தையல் வேலை செய்பவள், ஒருத்தி மூன்று பேரப்பிள்ளைகளுக்கு முழுநேர அம்மம்மா. 2016 இல் இருந்து சனிக்கிழமை பின்னேரங்களில் எங்களில் ஒருத்தியின் வளவில் கூடி மரம் ஏறுகிறோம். மாங்காய் பறிக்க அல்ல, தேங்காய் பறிக்கவும் அல்ல. சும்மா ஏறுகிறோம், கொப்பில் இருந்து கதைக்கிறோம், இறங்குகிறோம். இடையில் எங்களில் மூன்று பேருக்குக் கத்தி வைத்தார்கள். ஒருத்திக்குக் கருப்பையில் கட்டிகள், வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தார்கள். ஒருத்திக்குப் பித்தப்பை, சிறு துளைகள் போட்டு எடுத்தார்கள். ஒருத்திக்கு மார்பில் புற்றுநோய், ஒரு மார்பையும் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். நாலாமவளுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. கயிறு பிடிப்பவள் அவள்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். காத்தான்குடிக்குத் தெற்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வாவியுமாக நடுவில் கிடக்கும் மணல் எங்கள் ஊர். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும் வரை படுவான்கரைக்குப் போவதென்றால் பாதையில்தான். வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பாதை என்றால் றோட்டு அல்ல, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. மணல் என்பதால் எங்கள் வளவுகளில் தென்னை, பனை, மா, மரமுந்திரிகை, கொய்யா எல்லாம் நன்றாக வரும். விழுந்தாலும் மணல் என்று சின்ன வயதில் ஒரு தைரியம். அது பாதி உண்மைதான். உயரம் போதுமென்றால் மணலும் கல்லுத்தான்.

பதினொரு பன்னிரண்டு வயது வரை எங்களை யாரும் தடுக்கவில்லை. மரமுந்திரிகைப் பழத்தின் கறை பட்ட சட்டைக்கு மட்டும் அடி விழும். பிறகு ஒவ்வொருத்தியாகப் பெரிய பிள்ளையானோம், தண்ணி வார்த்தார்கள், அதோடு மரமும் முடிந்தது. "இறங்கு மனே, இனி ஏறப்படாது" என்று அம்மம்மா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அதற்கு அடுத்த வருசங்களில்தான், 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி வந்தது. விடிந்து பார்த்தபோது மாவட்டத்தின் தென்னைகள் தீக்குச்சிப் பெட்டியைக் கொட்டினதுபோல் கிடந்தன. கூரை இல்லாத வீடுகளில் பெரியவர்கள் தலையில் கைவைத்து நின்றார்கள். ஏறக்கூடாது என்று சொல்லப்பட்ட மாமரங்கள் படுத்துக் கிடக்க, நாங்கள் அவற்றின் மேல் நடந்து உச்சிக் கொப்புவரை போனோம். உச்சியைத் தொட்டது அந்த ஒரு முறைதான். அப்போது யாரும் எங்களை இறங்கச் சொல்லவில்லை. மரமே இறங்கிவிட்டதே.

இந்தத் தடையைச் சின்ன விசயம் என்று நீங்கள் நினைக்கலாம். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு நாங்கள் அப்படி நினைப்பதில்லை. சுனாமிக்குப் பின்னர் 2005 இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல இடங்களில் ஆண்களை விடப் பெண்கள் கூடுதலாக இறந்ததை அது எடுத்துக் காட்டியது. தமிழ்நாட்டின் கடலூரில் இறந்த ஆண்கள் 146, பெண்கள் 391. காரணங்கள் பல. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, சேலை காலைச் சுற்றியது, ஆண்கள் ஆழ்கடலில் தொழிலில் இருந்தது. இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது அந்த அறிக்கை இன்னொன்றையும் எழுதியது: நீந்தவும் மரம் ஏறவும் இங்கே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் பழக்குகிறார்கள். எங்கள் கரையோரத்தில் மரத்தைப் பிடித்ததால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணப்போகவில்லை. எண்ணுவதற்கு மனம் வரவில்லை.

இதற்காகத்தான் ஏறத் தொடங்கினோம் என்று சொன்னால் அது மேடைப் பேச்சாகிவிடும். தொடங்கியது ஊஞ்சலால். சித்திரை வருசத்துக்கு ஊஞ்சல் கட்ட வேண்டும், வளவில் ஆம்பிளைப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை, ஒருவன் கட்டாரில், ஒருவன் கொழும்பில். கயிற்றோடு நாலு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "என்ன கா பார்க்கிறாய், பிடி கயிற்றை" என்று ஒருத்தி ஏணியை வைத்து ஏறிவிட்டாள். மற்றவர்களும் ஏறினோம். ஊஞ்சல் கட்டி முடிந்த பிறகும் இறங்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் கதை.

இப்போது கத்திக்கு வருவோம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது உடம்பில் ஒரு தையல் இருக்கும். சிசேரியன், கருப்பை, பித்தப்பை, ஏர்னியா. வீட்டுக்கு வந்த அன்றே ஊர் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடும்: இனிப் பாரம் தூக்காதே, குனியாதே, படி ஏறாதே. எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பதில் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி இருபத்திரண்டு வருசமாகக் கிணற்றில் தண்ணி அள்ளவில்லை. தையல் அவவுக்கு எப்போதோ ஆறிவிட்டது, தீர்ப்பு மட்டும் ஆறவில்லை.

எங்கள் வைத்தியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அதை அப்படியே சொல்கிறோம். வெளியே தோல் ஒரு கிழமை, பத்து நாளில் மூடிவிடும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வயிற்றுத் தசையை மூடியிருக்கும் தடித்த வெள்ளை உறைதான் உண்மையில் பாரம் தாங்குவது. அது மெதுவாக ஆறும். மூன்று கிழமையில் காயம்பட்ட இடத்துக்குப் பழைய பலத்தில் கால்பங்கு அளவுதான் இருக்கும். மூன்று மாதத்தில் எண்பது வீதம் அளவுக்கு வரும். அதற்கு மேல் ஏறாது, வாழ்நாள் முழுக்க அந்த எண்பதுதான். அந்த முதல் மாதங்களில் மூச்சை அடக்கி முக்கினால், பாரம் தூக்கினால், தைத்த இடம் உள்ளே விட்டுக்கொடுத்து ஏர்னியா வரலாம். ஆகவே பயப்படுவதற்கு ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்துக்கு ஒரு முடிவும் உண்டு. இந்த இரண்டாவது வசனத்தைத்தான் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கருப்பை எடுத்தவள் ஆறு கிழமை வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடந்தாள். முதல் நாள் வாசலில் இருந்து கிணற்றடி, பிறகு படலை, பிறகு வாவிக்கரை. கூடவே அடிவயிற்றுக் கீழ்த் தசைகளை இறுக்கி விடும் பயிற்சி. சலத்தை அடக்குவதுபோல் இறுக்கி, சில வினாடி வைத்திருந்து, விடுவது. அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் 1948 இல் எழுதியது, எழுபது வருசத்துக்கு மேலாகியும் எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை. இருமினால், சிரித்தால் சலம் போகிறது என்று வெளியில் வராமல் இருக்கும் அக்காமார் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். வெட்கப்படாமல் கிளினிக்கில் கேளுங்கள்.

மூன்று மாதம் முடிந்து, வைத்தியர் தொட்டுப் பார்த்து, இருமச் சொல்லிப் பார்த்து, சரி என்றார். மரம் ஏறலாமா என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன மரம்?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எங்களுக்குப் பிடிக்கும்.

மார்பு எடுத்தவளின் கதை வேறு. அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். மஹரகமவுக்கு இரவு ரயிலில் அவளோடு மாறி மாறிப் போனோம். அக்குளில் கணுக்கள் எடுத்தால் அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கலாம். அதனால் அந்தக் கையால் வாளி தூக்காதே, தேங்காய் துருவாதே என்று எல்லோரும் சொன்னார்கள். தேங்காய் துருவாமல் எங்கள் ஊரில் எப்படி வாழ்வது? பிசியோதெரபி மிஸ் சுவரில் விரல்களை நடக்க விடச் சொன்னார். எறும்பு ஏறுவதுபோல் விரல்கள் சுவரில் ஏற வேண்டும், ஒவ்வொரு நாளும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. முதற்கிழமை கோடு நெஞ்சு உயரத்தில். இரண்டு மாதத்தில் தலைக்கு மேல். அந்தச் சுவரை அவள் இன்னும் பூசவில்லை.

கனடாவில் இருக்கும் எங்கள் வகுப்புக்காரி ஒருத்திதான் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டொன் மக்கென்சி என்ற விளையாட்டு வைத்தியர் இருந்தார். மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் கையைக் கடுமையாகப் பயன்படுத்தினால் வீக்கம் வரும் என்பதுதான் அக்காலத்து நம்பிக்கை. 1996 இல் அவர் அப்படிப்பட்ட 24 பெண்களைச் சேர்த்து டிரகன் படகு வலிக்கப் பழக்கினார். நீளமான படகு, இரு பக்கமும் துடுப்பு, தோள் கழன்றுபோகும் வேலை. ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. இன்று உலகத்தின் பல நாடுகளில் இப்படிப் படகு வலிக்கும் பெண்கள் அணிகள் உண்டு. பிறகு, ஏற்கனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்துப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2009 இல் வெளிவந்தது. மிகச் சிறிய பாரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, மேற்பார்வையோடு தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை.

இதைக் கேட்ட அன்று அவள் அழுதாள். நாங்களும்தான். வாவிக்கரையில் பிறந்து தோணி வலிக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி வன்கூவரில் இருந்துதான் வர வேண்டியிருந்தது.

சரி, எப்படி ஏறினோம். முதலில் கொப்பில் அல்ல, கதவு நிலையில். இரண்டு கையாலும் மேல் சட்டத்தைப் பிடித்து, கால் நிலத்தில் இருக்க, உடம்பின் பாரத்தில் கொஞ்சத்தைக் கைக்குக் கொடுப்பது. பத்து எண்ணிவிட்டு விடுவது. பிறகு ஏணியின் முதல் இரண்டு படி, ஏறி இறங்கி. பிறகு கொய்யா. கொய்யாக் கொப்பு மெல்லியதாக இருந்தாலும் வளையும், லேசில் முறியாது. பட்டையும் வழுவழுப்பு, கையைக் கிழிக்காது. இடுப்பு உயரக் கவட்டில் ஏறி இருப்பதே முதல் மாதத்துப் பாடம். அதற்குப் பிறகு மரமுந்திரிகை. தாழப் படரும், கொப்பிலிருந்து கொப்புக்கு நடக்கலாம், ஆனால் கிழட்டு மரம் என்றால் கவனம், உள்ளே பட்டிருக்கும். கடைசியில்தான் மா. கத்தி வைத்ததற்கும் மாமரத்தின் முதற்கவட்டுக்கும் இடையில் ஒருத்திக்கு எட்டு மாதம், மற்றவளுக்குப் பதினான்கு மாதம் ஆனது. பித்தப்பைக்காரி மூன்று மாதத்தில் அங்கே போய் இருந்துகொண்டு எங்களைப் பார்த்துக் கால் ஆட்டினாள். அவளை மன்னித்துவிட்டோம்.

நாவலை நம்ப வேண்டாம், சொல்லாமல் முறியும். முருங்கையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மாமரத்தில் முசுறு இருந்தால் அன்றைக்கு ஏறுவதில்லை. கீமோ எடுத்த உடம்புக்குக் கடியும் புண்ணும் கூடாது. கணுக்கள் எடுத்த கைக்கும் அப்படியே, சின்னக் கீறலும் கிருமிக்கு வாசல். அதனால் அவள் நீளக் கைச்சட்டையும் தோட்ட வேலைக் கையுறையும் போட்டுத்தான் ஏறுவாள்.

ஏறும்போது கையால் உடம்பை இழுக்கக் கூடாது. கை பிடிக்க மட்டும், தூக்குவது கால். காலை ஊன்றி எழும்பும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கினால் வயிற்றுக்குள் அமுக்கம் கூடும், அது தையலைத் தேடிப் போகும். இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால், எப்போதும் மூன்று இடம் மரத்தில் இருக்க வேண்டும். எங்கள் மேற்கையின் தடிப்பை விட மெல்லிய கொப்பில் நிற்பதில்லை. மழை பெய்தால், வாடைக்காற்று அடித்தால், அந்தச் சனிக்கிழமை தேத்தண்ணியோடு முடியும். இடுப்பில் பட்டி, பட்டியில் கயிறு, கயிறு மேற்கொப்பில் சுற்றிக் கீழே நாலாமவளின் கையில். மரத்திலிருந்து விழுவது எங்கள் நாட்டில் முள்ளந்தண்டு காயங்களுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. தொழிலுக்காக ஏறுபவர்கள் பெரும்பாலும் தளைநாரை மட்டும் நம்பி ஏறுகிறார்கள், விழுந்தால் ஒரு குடும்பமே விழுகிறது. விளையாட்டுக்கு ஏறும் நாங்கள் கயிறில்லாமல் ஏறுவது அவர்களை அவமதிப்பதுபோல் எங்களுக்குப் படுகிறது.

கயிறும் பட்டியும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர் 1983 இல், சும்மா ஏறி மகிழ்வதற்காக மரம் ஏறப் பழக்கும் அமைப்பைத் தொடங்கினார். கயிற்றின் பலத்தில் ஏறும் முறை அங்கிருந்து பரவியது. ஜப்பானில் ஜோன் காத்ரைட் என்பவர் அதை நடக்க முடியாதவர்களுக்கும் கொண்டு போனார். கேரளாவில் தென்னை அபிவிருத்திச் சபை 2011 இல் தொடங்கிய 'தென்னையின் நண்பர்கள்' திட்டத்தில் பெண்களும் இயந்திரம் மாட்டித் தென்னை ஏறப் பழகினார்கள், அதைத் தொழிலாகவும் செய்தார்கள். அவர்கள் ஏறுவது உழைப்புக்கு. எங்களுடையது பொழுதுபோக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்பட எங்களுக்கு விருப்பமில்லை.

ஊர் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். "அவளுகளுக்கு விசர்" என்றார்கள். ஒரு கணவர், பெயர் சொல்ல மாட்டோம், மூன்று சனிக்கிழமை கதைக்கவில்லை. நாலாம் சனிக்கிழமை வந்து கயிற்றின் முடிச்சைப் பார்த்து, "இது அவிழும்" என்று சொல்லி, கடலுக்குப் போகிறவர்கள் போடும் முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார். இன்றுவரை அந்த முடிச்சுத்தான்.

பிறகு பெண்கள் வந்தார்கள். ஏற அல்ல, மரத்தடியில் இருக்க. கொப்பில் ஒருத்தி இருந்துகொண்டு தன் மார்பை எடுத்ததைச் சாதாரணமாகச் சொன்னால், கீழே இருப்பவர்களுக்கும் வாய் திறக்கிறது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார், ஆறு மாதமாக ஒரு கட்டியை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவ, அந்த மரத்தடியில்தான் முதன்முதலில் சொன்னா. மறுநாளே கூட்டிக்கொண்டு போனோம். எங்கள் நாட்டில் 1996 இல் இருந்து எம்.ஓ.எச். அலுவலகங்களில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பார்க்கிறார்கள், பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள், காசில்லை. குடும்பநல மிஸ் வீட்டுக்கு வந்து சொல்லியும் போகாதவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். மரத்தடியில் இருந்து இதுவரை பதினொரு பேர் போயிருக்கிறார்கள். மாமியாருக்கு அது நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொருத்திக்கு அப்படி இல்லை. அவளுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. முடிந்ததும் சுவரில் விரல் நடக்க விட நாங்கள் பென்சிலோடு இருப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.

பெரிய பிள்ளையான பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களின் தாய்மார் தடுக்கவில்லை. ஒருத்தியின் அம்மம்மா மட்டும் படலையில் நின்று "கவனம் மனே" என்கிறா. ஏறாதே என்று சொல்லவில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வரும் அக்காமாருக்கு ஒரு அறிவித்தல். சனிக்கிழமை நாலரை மணிக்கு, வெயில் தாழ்ந்த பிறகு கூடுவோம். சேலை வேண்டாம், நீளக் காற்சட்டை அல்லது சுடிதார். சங்கிலி, காப்பு, மோதிரம் வீட்டில். ஆறு மாதத்துக்குள் கத்தி வைத்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், தலைசுற்று உள்ளவர்கள், இரத்தம் இளக்கும் குளிசை எடுப்பவர்கள் மரத்தடியில் இருக்கலாம். மற்றவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். என்ன மரம் என்று அவர் கேட்டால், முதலில் கொய்யா என்று சொல்லுங்கள். தேத்தண்ணியும் பயத்தம்பணியாரமும் வளவுக்காரியின் பொறுப்பு.